ஆஸ்பத்திரியிலிருந்து வந்து பத்து வாரம் ஆகியும் மூச்சு வாங்குகிறது: நடக்கச் சொல்வதா, படுக்கச் சொல்வதா?

கேள்வி இதுதான். அப்பாவுக்கு 57 வயது, திருமங்கலத்தில் மளிகைக் கடை. வைரஸ் நிமோனியா வந்து மதுரையில் 17 நாள் ஆஸ்பத்திரி. அதில் 6 நாள் ஐசியு, அழுத்தத்தோடு காற்று கொடுக்கும் பைபேப் மாஸ்க், ஸ்டீராய்டு ஊசி. வீடு திரும்பிப் பத்து வாரம் ஆகிறது. கல்லாவிலிருந்து எழுந்து பின்னால் குடோனுக்குப் போய் வந்தாலே இளைப்பு. தொடை நடுங்குகிறது, தூக்கம் வருவதில்லை, கணக்கு மறந்துபோகிறது, முடி கொத்தாகக் கையில் வருகிறது. ‘நடந்தால்தான் தெம்பு வரும்’ என்கிறார் சித்தப்பா. ‘ஆறு மாசம் அசையவே கூடாது’ என்கிறார் அத்தை. யார் சொல்வது சரி? கடைக்கு எப்போது போகலாம்?

இரண்டு பேரும் பாதி சரி. உங்கள் அப்பாவுக்கு எந்தப் பாதி பொருந்தும் என்பதை வீட்டிலேயே பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம். அதற்கு முன்னால் ஒன்று: எல்லாத் தொல்லையையும் ‘அந்த வைரஸ் பண்ணின வேலை’ என்று ஒரே மூட்டையில் கட்டிவிடாதீர்கள். கொரோனாவுக்குப் பின் நீடிக்கும் தொல்லைக்கு உலக சுகாதார நிறுவனம் 2021 அக்டோபரில் ஒரு வரையறை கொடுத்தது. நோய் தொடங்கி வழக்கமாக மூன்று மாதம் ஆன நிலையிலும் தொல்லை இருக்க வேண்டும், குறைந்தது இரண்டு மாதம் நீடித்திருக்க வேண்டும், வேறு நோயால் விளக்க முடியாததாக இருக்க வேண்டும். முதல் இரண்டும் எல்லோருக்கும் நினைவிருக்கிறது, மூன்றாவதைத்தான் விட்டுவிடுகிறார்கள். வேறு நோயைத் தேடிப் பார்த்த பிறகுதான் வைரஸின் மேல் பழி போட வேண்டும். இன்ஃப்ளுயன்சாவோ வேறு வைரஸோ நுரையீரலைத் தாக்கி ஐசியு வரை கொண்டுபோயிருந்தாலும் இதே ஒழுங்குதான்.

முதலில் படுக்கை செய்த வேலை. கடுமையான நோயோடு ஐசியுவில் கிடப்பவர்களுக்கு, முதல் பத்து நாளிலேயே தொடையின் முன்தசை பருமனில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு கரைந்துவிடுவதை அல்ட்ராசவுண்டில் அளந்து பார்த்திருக்கிறார்கள். ஸ்டீராய்டும் இடுப்பு, தொடைத் தசைகளைத்தான் முதலில் தின்னும். அதனால்தான் நின்றபடி பேச முடிகிறவருக்கு, தரையிலிருந்தோ இந்தியன் கக்கூஸிலிருந்தோ எழ முடிவதில்லை. தசை மெலிந்த உடம்பு அதே வேலைக்கு அதிக மூச்சு கேட்கும். நுரையீரல் ஓரளவு தேறிய பிறகும் இளைப்பு நிற்காததற்குப் பலருக்கு இதுவே காரணம். இப்போதைக்குக் கழிப்பறையில் ஒரு கமோடு நாற்காலி போடுங்கள், சுவரில் பிடித்து எழ ஒரு கம்பி அடியுங்கள். வீடு வந்தவர்கள் வழுக்கி விழுந்து இடுப்பை முறித்துக்கொள்ளும் ஆபத்து அங்கே உண்டு. குப்புறப் படுக்க வைத்துச் சிகிச்சை கொடுத்திருந்தால் பாதத்தையும் பாருங்கள். செருப்பு நழுவுகிறது, கட்டைவிரலை மேலே தூக்க முடியவில்லை என்றால் நரம்பு அழுந்தியிருக்கலாம். அது வெறும் பலவீனம் என்று விட வேண்டிய விஷயம் இல்லை.

அடுத்து நுரையீரல். நோய் தொடங்கி இப்போது ஏறக்குறைய 13 வாரம். 12 வாரத்தில் ஒரு மார்பு எக்ஸ்ரே எடுப்பது பொதுவான நடைமுறை, ஆகவே இதுதான் அதற்கான நேரம். எக்ஸ்ரே தெளிவாக இருந்தும் இளைப்பு குறையவில்லை என்றாலோ, எக்ஸ்ரேயில் நிழல் மிச்சமிருந்தாலோ, நுரையீரலை நுணுக்கமாகக் காட்டும் எச்ஆர்சிடி ஸ்கேனும் பிஎஃப்டி என்கிற நுரையீரல் செயல்திறன் சோதனையும் தேவைப்படும். பிஎஃப்டி எழுதித் தரும்போது ‘டிஎல்சிஓவும் சேர்த்துப் பார்க்கலாமா’ என்று டாக்டரிடம் கேளுங்கள். ஊதிப் பார்க்கும் சோதனை நார்மலாக இருந்து, காற்றிலிருந்து ரத்தத்துக்கு வாயு கடக்கும் திறனைச் சொல்லும் டிஎல்சிஓ மட்டும் குறைந்திருப்பது இந்த நோயாளிகளிடம் அடிக்கடி காண்பது. ஆஸ்பத்திரியில் எடுத்த பழைய ஸ்கேனின் ஃபிலிமோ சிடியோ கையில் இருக்கட்டும். ரிப்போர்ட் தாளை மட்டும் ஃபைலில் வைத்துக்கொண்டு படத்தைத் தொலைத்துவிடுகிறார்கள். புதியதை ஒப்பிட டாக்டருக்கு வேண்டியது படம்.

வீட்டில் நீங்களே பார்க்கக்கூடியது ஒன்று உண்டு. கைப்பிடி இல்லாத சாதாரண நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். விரலில் ஆக்ஸிமீட்டரை மாட்டி ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்தபின் அளவைக் குறியுங்கள். பிறகு கைகளை நெஞ்சில் கட்டிக்கொண்டு ஒரு நிமிடம் எழுந்து எழுந்து உட்காரச் சொல்லுங்கள். நிறுத்திய பிறகும் ஒரு நிமிடம் மீட்டரைக் கழற்றாதீர்கள், மிகக் குறைந்த எண் பெரும்பாலும் அப்போதுதான் வரும். முதல் எண்ணிலிருந்து 3 அல்லது அதற்கு மேல் இறங்கினால் நெஞ்சக நோய் டாக்டரிடம் சொல்ல வேண்டிய செய்தி அது. உட்கார்ந்திருக்கும்போதே 95க்குக் கீழே இருந்தால் இந்தச் சோதனையை வீட்டில் செய்ய வேண்டாம். பக்கத்தில் ஆள் இல்லாமலும் வேண்டாம். மருதாணி, நகப் பூச்சு, குளிர்ந்த விரல் இவையெல்லாம் எண்ணைக் கெடுக்கும். கறுத்த தோலில் இந்தக் கருவி உண்மையைவிடக் கொஞ்சம் கூட்டிக் காட்டுவதும் உண்டு. அதனால் எண் நன்றாக இருந்து ஆள் நன்றாக இல்லையென்றால் ஆளை நம்புங்கள்.

இதற்கு மேல் ‘வேறு நோய்’ என்கிற பெரிய பட்டியல். நம் ஊரில் முதலில் நினைக்க வேண்டியது காசநோய். ஸ்டீராய்டு வாங்கிய உடம்பு, கூடவே சர்க்கரை இருந்தால் உள்ளே தூங்கிக்கொண்டிருந்த கிருமி எழுந்துகொள்ள அதுவே போதும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், சாயங்காலக் காய்ச்சல், ராத்திரி வியர்வை, எடை ஏறாமல் இறங்கிக்கொண்டே போவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் சளியைச் சோதனைக்குக் கொடுங்கள். அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். உங்கள் ஊரிலிருந்து மதுரை போகும் வழியில் தோப்பூரில் நெஞ்சக நோய்க்கென்றே அரசு மருத்துவமனை இருக்கிறது. ‘அது டிபி ஆஸ்பத்திரி, அங்கே போனால் ஊர் என்ன சொல்லும்’ என்று தயங்கி மூன்று மாதத்தைக் கடத்துபவர்கள் அதிகம். தயக்கமாக இருந்தால் மதுரை அரசு பெரியாஸ்பத்திரியின் நெஞ்சக நோய்ப் பிரிவுக்குப் போங்கள், எங்கேயாவது போனால் சரி.

இரண்டாவது, இதயம். மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டி எழுந்து உட்காருகிறாரா, தலையணை இரண்டு மூன்று வேண்டியிருக்கிறதா, கணுக்காலில் விரலை அழுத்தினால் குழி விழுகிறதா? அப்படியென்றால் ஈசிஜியும் எக்கோவும் இந்த வாரமே எடுங்கள். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால் ரத்தக்கட்டாக இருக்கலாம். திடீரென்று மூச்சு அடைத்தால், மூச்சை இழுக்கும்போது நெஞ்சில் குத்தினால், சளியில் ரத்தம் வந்தால் அந்தக் கட்டு நுரையீரலுக்குப் போயிருக்கலாம். அதற்கு 108தான், நாளைக்குப் பார்க்கலாம் என்பது கிடையாது. உட்கார்ந்திருக்கும்போது ஆக்ஸிஜன் 92 அல்லது அதற்குக் கீழே இறங்கினாலும், பேச்சு குழறினாலும், மயக்கம் போட்டாலும் அப்படித்தான். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை கொடுத்து அனுப்பியிருந்தால், எந்தத் தேதி வரை என்று டிஸ்சார்ஜ் சம்மரியில் பாருங்கள். தானாக நிறுத்துபவர்களும் உண்டு, முடிந்த பிறகும் மாதக்கணக்கில் வாங்கிச் சாப்பிடுபவர்களும் உண்டு. இரண்டுமே ஆபத்து.

மாத்திரைகளே தொல்லையாவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை யாரும் சந்தேகப்படுவதில்லை. அப்பாவின் எடை எட்டு, பத்து கிலோ இறங்கியிருந்தால் பழைய பிபி மாத்திரை இப்போது அவருக்கு அதிகமாக இருக்கலாம். எழுந்து நின்றதும் கிறுகிறுப்பு வரும். படுத்திருக்கும்போதும், எழுந்து நின்று மூன்று நிமிடத்துக்குள்ளும் பிபி பாருங்கள். மேல் எண் 20 அல்லது அதற்கு மேல் விழுந்தால் டாக்டர் அளவைக் குறைப்பார். சர்க்கரையும் இதே கதை. ஸ்டீராய்டு ஏற்றியபோது கூட்டிய இன்சுலினை, ஸ்டீராய்டு நின்ற பிறகும் அதே அளவில் போட்டால் நடுராத்திரி சர்க்கரை இறங்கும். வியர்வை, படபடப்பு, பயம் எல்லாம் வரும். வீட்டில் அதை ‘மனசு சரியில்லை’ என்பார்கள். அந்த நேரத்தில் ஒரு தடவை குளுக்கோமீட்டரில் குத்திப் பாருங்கள், 70க்குக் கீழே இருந்தால் விடை கிடைத்துவிட்டது. மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடிக்கக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும்.

ஸ்டீராய்டை மூன்று வாரத்துக்கு மேல் சாப்பிட்டுச் சட்டென்று நிறுத்தியிருந்தால், உடம்பு சொந்தமாகச் சுரக்கும் ஸ்டீராய்டான கார்டிசால் இன்னும் எழாமல் இருக்கலாம். கடும் அசதி, வாந்தி, பசியின்மை, பிபி தாழ்வு. காலை 8 மணி ரத்தத்தில் கார்டிசால் பார்த்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். எதிர்ப்பக்கத்தில், பழைய சீட்டை மெடிக்கலில் காட்டி அதே ஸ்டீராய்டை வாங்கிக்கொண்டேயிருப்பவர்களும் உண்டு. சாப்பிட்டால் தெம்பாக இருக்கிறதாம். அந்தத் தெம்பு கடன் வாங்கினது. தசை, எலும்பு, சர்க்கரை மூன்றும் வட்டி கட்டும். சில மாதம் கழித்துத் தொடை இடுக்கில் வலித்து, நொண்டி நடக்க ஆரம்பித்தால் இடுப்பு எலும்பின் தலைக்கு ரத்த ஓட்டம் குறைந்திருக்கலாம். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாது, எம்ஆர்ஐ வேண்டும். ஒரு பக்க மூக்கடைப்பு, கறுப்பாகச் சளி, கன்ன வலி, பல் ஆட்டம், கண் வீக்கம் வந்தால் அன்றைக்கே காது மூக்கு தொண்டை டாக்டர். 2021இல் கறுப்புப் பூஞ்சை என்று எல்லோரும் கேள்விப்பட்டது இதைத்தான்.

இவற்றையெல்லாம் பார்த்து முடித்து எதுவும் சிக்கவில்லை என்றால், சித்தப்பாவா அத்தையா என்கிற கேள்விக்கு வரலாம்.

ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கி, இரண்டு வாரம் எழுதுங்கள்: இன்று என்ன செய்தார், இன்று ராத்திரி எப்படி, நாளை எப்படி, நாளை மறுநாள் எப்படி. கடைசிக் கட்டம்தான் முக்கியம். வேலை செய்தபோதே இளைப்பு, அன்றைக்கே கால் வலி, தூங்கி எழுந்தால் தேவலை, அடுத்த வாரம் அதே வேலை கொஞ்சம் லேசாகத் தெரிகிறது என்றால் அது தசையிழப்பு. சித்தப்பா ஜெயித்தார், நடக்கத்தான் வேண்டும். அப்படியில்லாமல், செய்த அன்று சமாளித்துவிட்டு, 12 மணி முதல் 48 மணி நேரம் கழித்துக் காய்ச்சல் வருவதுபோல் உடம்பு வலி, தலை மந்தம், தூக்கக் கேடு என்று சாய்ந்துவிட்டாரானால் அது வேறு ஜாதி. கணக்கு பார்ப்பது, ஒரு மணி நேரம் விருந்தாளியோடு பேசுவது போன்ற உட்கார்ந்த வேலைக்குக்கூட இந்தச் சாய்வு வரும். இவரைத் தினமும் கூட்டிக் கூட்டி நடக்க வைத்தால் மோசமாகும். இங்கே அத்தைக்குப் பாதி மார்க். அசையாமல் கிடப்பதும் தவறு, காலில் ரத்தக்கட்டும் தசையிழப்பும் வரும். சாய்வு வராத அளவைக் கண்டுபிடித்து, அதற்குள் நின்றுகொள்ள வேண்டும். நல்ல நாளில் துள்ளக் கூடாது. அரை மணி நேரம் தாங்குகிறது என்றால் இருபது நிமிடத்தில் நிறுத்தி, களைப்பு வருமுன்னே பதினைந்து நிமிடம் படுக்கட்டும். உட்கார்ந்து குளிப்பது, உட்கார்ந்து சட்டை மாட்டுவது, மாடிக்கு நாளுக்கு ஒரே தடவை என்று மிச்சப்படுத்துவது கஞ்சத்தனம் போலத் தெரியும், ஆனால் பலன் அதில்தான். இரண்டும் கலந்து வருபவர்களும் உண்டு. சந்தேகமாக இருந்தால் முதலில் சாய்வு இருப்பதாகவே வைத்துக்கொண்டு நடத்துங்கள்.

தசையிழப்பு என்று தெரிந்தவருக்குத் தொடக்கம் இப்படி: சமதரையில் 5 நிமிடம், காலையும் மாலையும். நடக்கும்போது ஒரு முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். பூஜ்யத்திலிருந்து பத்து வரை மூச்சிரைப்புக்கு மார்க் போடச் சொன்னால் மூன்று, நான்கைத் தாண்டக் கூடாது. ஆக்ஸிஜன் 90க்குக் கீழே போனால் நிறுத்தி உட்கார வேண்டும். மறுநாள் நன்றாக இருந்தால் மூன்று நாளுக்கு ஒரு தடவை ஒரு நிமிடமோ இரண்டு நிமிடமோ கூட்டலாம். நடை மட்டும் போதாது. நாற்காலியிலிருந்து ஐந்து தடவை எழுந்து உட்காருவது ஒரு சுற்று; நாளுக்கு மூன்று சுற்று. சுவரைப் பிடித்துக் குதிகாலை உயர்த்துவது பத்து தடவை. அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கையில் பிடித்து முழங்கையை மடக்கி நீட்டுவது. பங்குனி, சித்திரையில் நம் ஊர் வெயிலில் ஏழரைக்கு மேல் வெளியே நடக்க வைக்காதீர்கள். நீர்ச்சத்து இறங்கினாலே படபடப்பு வந்துவிடும். மதுரையில் இருப்பவர்களுக்கு மாரியம்மன் தெப்பக்குளத்தைச் சுற்றிய பாதை தோது: சமதரை, நடுவில் உட்காரலாம். திருப்பரங்குன்றம் மலையும் அழகர்கோவில் மலைப் பாதையும் பிறகு. ‘பிழைத்து வந்தால் பழனிக்கு நடந்து வருகிறேன்’ என்று யாராவது அவர் பேரில் வேண்டியிருப்பார்கள். முருகன் தவணை கேட்டு நோட்டீஸ் அனுப்பமாட்டார், அடுத்த தைப்பூசத்துக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

மூச்சுப் பயிற்சிக்கு மூன்று பந்துக் கருவி வாங்கிக் கொடுத்திருப்பார்கள். பத்துப் பேரில் பலர் அதில் ஊதுகிறார்கள். அது ஊதும் கருவி இல்லை, உறிஞ்சும் கருவி. நிமிர்ந்து உட்கார்ந்து, மூச்சை முழுக்க வெளியே விட்டு, குழாயை உதட்டால் இறுக்கி மெதுவாக உள்ளே இழுக்க வேண்டும். பந்துகளில் எழுதியிருக்கும் 600, 900, 1200 என்பது நொடிக்கு எத்தனை மில்லி காற்று என்கிற வேகம். மூன்று பந்தையும் ஒரு வெட்டு வெட்டித் தூக்குவதைவிட முதல் பந்தை மூன்று நொடி மேலேயே நிறுத்துவது நல்லது, அப்போதுதான் நுரையீரலின் அடிப்பகுதி விரியும். ஐந்து தடவை இழுத்து ஓய்வு. ஒரேயடியாக இருபது இழுத்தால் தலை சுற்றும். இளைப்பு வந்த நேரத்தில் இந்தக் கருவி உதவாது. அப்போது முன்னால் குனிந்து முழங்கையைத் தொடையில் ஊன்றி, மூக்கால் இரண்டு எண்ணும்வரை இழுத்து, சூடான காப்பியை ஊதுவதுபோல் உதட்டைக் குவித்து நான்கு எண்ணும்வரை விடச் சொல்லுங்கள். கொதிக்கும் பாத்திரத்தில் ஆவி பிடிப்பதை விட்டுவிடலாம், நுரையீரலின் அடிக்கு அது போவதே இல்லை, சுட்டுக்கொண்டவர்கள்தான் அதிகம். சாம்பிராணியும் கொசுவத்தியும் அவர் இருக்கும் அறைக்கு வேண்டாம். வீட்டில் ஆக்ஸிஜன் கருவி ஓடினால் பூஜை விளக்கு, ஊதுபத்தி, அடுப்பு எதுவும் அந்த அறையிலேயே கூடாது, நெருப்பு பற்றும்.

சாப்பாட்டில் தவறு எங்கே நடக்கிறதென்றால், ஆட்டுக்கால் சூப்பில். மதுரைக்காரர்களிடம் இதைச் சொல்வது வம்புதான். ஆனால் தெளிந்த சூப்புத் தண்ணீரில் தசை கட்டத் தேவையான புரதம் குறைவு. கறியை வீட்டார் சாப்பிட்டுவிட்டு நோயாளிக்குத் தண்ணீரைக் கொடுக்கிறார்கள். கிலோ எடைக்கு நாளுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் வேண்டும். 60 கிலோ ஆளுக்கு 72 முதல் 90 கிராம். நான்கு இட்லியில் ஏறக்குறைய 8 கிராம்தான். ஒரு முட்டையில் 6, நூறு கிராம் மீனில் 20, ஒரு கப் கொண்டைக்கடலைச் சுண்டலில் 12, ஒரு கைப்பிடி பொட்டுக்கடலையில் 6, ஒரு டம்ளர் பாலில் 6. மூன்று வேளைக்கும் பிரித்துக் கொடுங்கள். சிறுநீரகம் பழுதாகி ரத்தத்தில் கிரியாட்டினின் கூடியவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, டாக்டர் சொல்லும் அளவுதான். தெம்புக்கு என்று ஜிகர்தண்டா வாங்கி வரும் உறவினரிடம், சர்க்கரை அளவைக் காட்டுங்கள்.

முடி கொட்டுவதற்குப் பயப்பட வேண்டாம். கடும் காய்ச்சலுக்கு இரண்டு மூன்று மாதம் கழித்துத் தொடங்கி, மூன்று முதல் ஆறு மாதத்தில் தானாக நிற்கும். எண்ணெய் மாற்றுவதற்குச் செலவழிக்கும் காசில் முட்டை வாங்கலாம். வாசனை தெரியாதவர்களுக்கு ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் நான்கையும் ஒவ்வொன்றாக 20 நொடி, காலை மாலை, குறைந்தது 12 வாரம் முகரச் சொல்வார்கள். ரோஜா கிடைக்காவிட்டால் மல்லிகைப் பூ இருக்கவே இருக்கிறது. அதுவரை சமையலறையில் கேஸ் கசிவை அவர் மூக்கை நம்பி விடாதீர்கள்.

தூக்கமும் மறதியும் ஐசியுவில் இருந்து வந்தவர்களுக்குச் சகஜம். அங்கே ராத்திரி பகல் தெரியாது. மயக்கத்தில் கண்ட கெட்ட காட்சிகளை நிஜமென்று நம்பிக்கொண்டிருப்பார்கள், வெளியே சொல்ல வெட்கப்படுவார்கள். ‘அங்கே என்னப்பா நடந்தது’ என்று யாராவது நிதானமாகக் கேட்டு, எந்த நாளில் என்ன சிகிச்சை நடந்தது என்று தேதிவாரியாகச் சொல்லிக் காட்டினால் பலருக்குப் பாரம் இறங்குகிறது. இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லை, அழுகை, செத்திருக்கலாம் என்கிற பேச்சு இருந்தால் 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம். மறதிக்குத் தைராய்டு, பி12, ஹீமோகுளோபின் மூன்றும் ஒரு தடவை பார்ப்பது நல்லது.

பிசியோதெரபிக்குக் காசு இடிக்கிறது என்றால் திருமங்கலம் அரசு மருத்துவமனையில் கேளுங்கள். வெளியே வர முடியாதவர்களுக்கு மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே பிசியோ வருகிறார்கள், ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதியச் சொல்லுங்கள். இன்ஃப்ளுயன்சா தடுப்பூசி வருடாவருடம், நிமோகாக்கல் தடுப்பூசி டாக்டர் சொல்லும் முறைப்படி. இரண்டையும் பற்றி அடுத்த தடவை பார்க்கும்போது கேட்டுவிடுங்கள்.

கடைக்கு எப்போது போகலாம் என்றும் கேட்டிருந்தீர்கள். எழுந்து உட்காரும் சோதனையில் ஆக்ஸிஜன் இறங்காமல், 15 நிமிடம் விடாமல் நடந்து மறுநாளும் சாய்வு இல்லையென்றால், முதல் வாரம் காலையில் இரண்டு மணி நேரம், கல்லாவில் மட்டும். அரிசி மூட்டை, எண்ணெய் டின் வேறு கை தூக்கட்டும். மிளகாய் வற்றல் சாக்கைப் பிரிக்கும்போது அவர் வெளியே வந்துவிட வேண்டும். அந்தக் காரத்துக்கு நல்ல நுரையீரலே இருமும். கொள்முதல் கணக்கை இன்னொருவர் ஒரு மாதம் சேர்ந்து பார்க்கட்டும். பக்கத்துத் தெருவுக்குத்தானே என்று வண்டியை எடுக்க விடாதீர்கள்: எழுந்ததும் கிறுகிறுப்பு நின்று, பின்னால் கூப்பிட்டால் சட்டென்று திரும்பிப் பார்த்துப் பதில் சொல்லும் அளவுக்குக் கவனம் வந்த பிறகுதான் சாவி அவர் கைக்குப் போக வேண்டும்.